டாக்ஸ் இல்லாத காரை எம்ஓடிக்கு ஓட்டிப் போவது எப்படி? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டாக்ஸ் (வாகன வரி) கட்ட வேண்டுமானால் எம்ஓடி (கார் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடச் சோதனையின் சான்றிதழ்) இருக்க வேண்டும். எம்ஓடி வாங்கக் காரை கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்ஸ் இல்லாத காரை ரோட்டில் இறக்கக் கூடாது. பல மாதம் சும்மா நின்ற பழைய காரை வாங்குகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதற்குச் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்தால், டாக்ஸும் எம்ஓடியும் இல்லாமலே அந்தச் சோதனைக்கு ஓட்டிப் போகலாம், திரும்பியும் வரலாம். ஆனால் இந்தச் சலுகை இன்சூரன்ஸுக்குக் கிடையாது. ஒரு மைல் தூரம் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத தெரு என்றாலும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது. "எம்ஓடிக்குத்தானே போறோம், ஒண்ணும் வேண்டாம்" என்று நம்மவர்கள் பலர் சொல்வார்கள். பாதி உண்மை, பாதி பொய். அந்தப் பொய்ப் பாதியை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, ஏழு மாதம் வீட்டு வாசலில் நின்ற ஒரு சின்ன காரை மனைவிக்காக வாங்கினேன். என்னுடைய சொந்தக் காருக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தது. அது போதும் என்று நினைத்து, கராஜில் நேரம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் போலீஸ் கார் பின்னால் வந்து நிறுத்தச் சொன்னது. டாக்ஸைப் பற்றிக் கேட்டார்கள், புக்கிங் குறுஞ்செய்தியைக் காட்டினேன். கராஜுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு அதை விட்டுவிட்டார்கள். அடுத்து இன்சூரன்ஸ் கேட்டார்கள். என் பாலிசி அந்தக் காருக்குச் செல்லாது. பத்து நிமிடத்தில் கார் டிரக்கில் ஏறிவிட்டது. நான் மழையில் நடந்து வீட்டுக்குப் போனேன். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட் (தண்டனைப் புள்ளி), காரை மீட்க 192 பவுண்டு, மூன்று நாள் நிறுத்தக் கட்டணம் 78 பவுண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் சோதனை முறையே வேறு.

1. கார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

அரசின் கவ் டாட் யூகே தளத்தில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால், டாக்ஸ் இருக்கிறதா, எம்ஓடி எப்போது முடிந்தது, கார் ஸோர்னில் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். "இந்தக் காரை ரோட்டில் ஓட்டவோ நிறுத்தவோ மாட்டேன்" என்று வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் பதிவு செய்வதுதான் ஸோர்ன். அதற்குக் கட்டணம் இல்லை.

புதிதாக வந்தவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பழைய உரிமையாளர் கட்டிய டாக்ஸும், அவர் செய்த ஸோர்னும், கார் கைமாறியவுடன் போய்விடும். டாக்ஸைப் பொறுத்தவரை இது 2014 அக்டோபரில் வந்த மாற்றம். கார் உங்கள் பெயருக்கு வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் டாக்ஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் நீங்களே ஸோர்ன் செய்ய வேண்டும். லாக்புக் (காரின் பதிவு ஆவணம்) உங்கள் பெயரில் வந்தவுடன், அதில் இருக்கும் 11 இலக்க எண்ணை வைத்து ஸோர்னை ஆன்லைனில் செய்துவிடலாம். அதற்கு முன்பே செய்ய வேண்டுமென்றால் தபால் வழிதான். இரண்டையும் செய்யாமல் விட்டால் டிவிஎல்ஏவிலிருந்து 80 பவுண்டு அபராதக் கடிதம் வரும். ஸோர்ன் இல்லாத கார் சும்மா நின்றாலும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குத் தனியாக 100 பவுண்டு.

2. கார் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்

ஸோர்ன் கார் உங்கள் வீட்டு எல்லைக்குள் இருக்கும் வாசலில், சொந்த இடத்தில், அல்லது உரிமையாளர் அனுமதி கொடுத்த தனியார் இடத்தில் நிற்கலாம். தெருவில் நிற்கக் கூடாது. வாசலில் இடம் இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். "நாளைக்குக் காலையில்தான் எம்ஓடி, இன்று ராத்திரி மட்டும் தெருவில் விடுகிறேன்" என்று விட்டால் அது குற்றம். சலுகை ஓட்டிப் போகும் பயணத்துக்கு மட்டும்தான், முந்தின இரவுக்கு இல்லை. டிவிஎல்ஏ ஆட்கள் தெருவில் வந்து சக்கரத்தில் பூட்டு மாட்டுவார்கள். அதை எடுக்க 100 பவுண்டு. டாக்ஸ் கட்டியதைக் காட்ட முடியாவிட்டால் 160 பவுண்டு பிணைத்தொகையும் சேரும்.

ஆகவே விற்பவரிடம் பேசி, எம்ஓடி நாள் வரை கார் அவர் வாசலிலேயே நிற்கட்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. கூடவே, சோதனையில் தோற்றால் கார் எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

3. ஓட்டிப் போகும் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

டாக்ஸுக்கும் எம்ஓடி சான்றிதழுக்கும்தான் விலக்கு. டயர் தேய்ந்திருந்தால், பிரேக் பிடிக்காவிட்டால், லைட் எரியாவிட்டால் அதற்கு விலக்கு இல்லை. தேய்ந்த டயர் ஒவ்வொன்றுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதமும் 3 பாயிண்ட்டும் உண்டு. நான்கு டயரும் மொட்டை என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகினால் அதன் வெளி விளிம்பு மறைய வேண்டும். விளிம்பு வெளியே தெரிந்தால் டயர் கடைக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லி மாற்றுங்கள், அப்படி வந்து மாற்றித் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பல மாதம் நின்ற காரில் பிரேக் டிஸ்க் துருப்பிடித்திருக்கும். வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து எல்லா லைட்டையும் போட்டுப் பாருங்கள், நம்பர் பிளேட் மேலே இருக்கும் குட்டி லைட் உட்பட. ஹாரன், வைப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர், சீட் பெல்ட், டேஷ்போர்டில் அணையாமல் எரியும் எச்சரிக்கை விளக்கு. இவற்றில்தான் நிறையப் பேர் எம்ஓடியில் தோற்கிறார்கள். ஐந்து பவுண்டு பல்பில் முடிகிற வேலை.

கவ் டாட் யூகேயில் அந்தக் காரின் பழைய எம்ஓடி விவரமும் இலவசமாகக் கிடைக்கும். போன தடவை "விரைவில் மாற்ற வேண்டியிருக்கும்" என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த முறை தோற்பது பெரும்பாலும் அதில்தான்.

பெட்ரோலைக் கேனில் வாங்கி வந்து முதலிலேயே ஊற்றிவிடுங்கள். போகும் வழியில் பங்க்கில் நின்றால் என்ன தொல்லை என்று கீழே சொல்கிறேன். புகைச் சோதனைக்குத் தேவையான அளவு பெட்ரோலும் ஆயிலும் இல்லையென்றால் சோதனை செய்ய மாட்டேன் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

4. நேரம் குறியுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

காருக்கு எம்ஓடி அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. அதற்கு மேல் யாரும் வாங்க முடியாது. நிறைய கராஜ்கள் இதைவிடக் குறைவாகச் செய்கின்றன, ஆனால் கட்டணம் குறைவு என்று தொலைவான கராஜைப் பிடிக்காதீர்கள். இத்தனை மைலுக்குள் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. இருந்தாலும், பக்கத்தில் பத்து கராஜ் இருக்க நாற்பது மைல் தள்ளிப் போகிறேன் என்றால், சோதனைக்குத்தான் போகிறீர்கள் என்பதை யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். சில ஊர்களில் கவுன்சிலே நடத்தும் சோதனை மையங்கள் உண்டு. பொதுமக்களும் போகலாம். அங்கே பழுது பார்க்கும் வேலை கிடையாது என்பதால், தேவையில்லாத வேலையைத் தலையில் கட்ட மாட்டார்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

போனில் நேரம் வாங்கினாலும், கார் எண், தேதி, நேரம் மூன்றும் இருக்கும்படி ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பச் சொல்லுங்கள். வழியில் நிறுத்தினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். "போய்ப் பார்ப்போம், இடம் இருந்தால் செய்வார்கள்" என்று நேரம் வாங்காமல் போனால் விலக்கே இல்லை. ஸோர்ன் காரை அப்படி ஓட்டினால் வழக்கு வரும், அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம்.

5. இன்சூரன்ஸ்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, அந்தக் காருக்கு வருட இன்சூரன்ஸையே எடுத்து, எம்ஓடி நாளிலிருந்து தொடங்கச் சொல்வது. காரை வைத்துக்கொள்ளப் போவது உறுதி என்றால் இதுதான் நல்லது. ஆனால் காரில் பெரிய பழுது இருந்து, எம்ஓடியில் தோற்று, அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தால், பாலிசியை ரத்து செய்யக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வழி, தற்காலிக இன்சூரன்ஸ். ஒரு மணி நேரத்திலிருந்து 28 நாள் வரை கிடைக்கும், போனிலேயே பத்து நிமிடத்தில் எடுக்கலாம். காரின் நிலை தெரியாதபோது இதுதான் சரி. விலை உங்கள் வயது, அஞ்சல் குறியீடு, காரைப் பொறுத்து மாறும். ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, ஒரு நாளே எடுங்கள். கராஜில் தாமதமாகி, திரும்பி வரும்போது பாலிசி முடிந்திருந்தால் எல்லாம் வீண்.

இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. தற்காலிக இன்சூரன்ஸ் தருபவர்களில் பலர் இந்திய, இலங்கை லைசென்ஸை ஏற்க மாட்டார்கள். இங்கே குடியேறிய முதல் 12 மாதம் அந்த லைசென்ஸில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியானால் பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவர், உங்கள் காருக்குத் தன் பெயரில் தற்காலிக இன்சூரன்ஸ் எடுத்து அவரே ஓட்டட்டும். அடுத்து, சில பாலிசிகளில் "செல்லுபடியாகும் எம்ஓடி இருக்க வேண்டும்" என்ற வரி இருக்கும். வாங்கும் முன் அவர்களுடைய சாட்டில் "எம்ஓடி முடிந்துவிட்டது, குறித்த நேரத்துக்குச் சோதனைக்கு ஓட்டிப் போகிறேன், பாலிசி செல்லுமா?" என்று கேட்டு, பதிலைப் படமெடுத்து வையுங்கள். மூன்றாவது, புதிய பாலிசி இன்சூரன்ஸ் தகவல் தளத்தில் உடனே தெரியாமல் போகலாம். போலீஸ் கேமரா அந்தத் தளத்தைத்தான் பார்க்கிறது. அதனால் சான்றிதழைப் போனில் இறக்கி வையுங்கள், மின்னஞ்சலில் இருக்கிறது என்று விடாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் திறக்காது.

மூன்றாவது வழி என்று நான் நம்பியது, என் சொந்தப் பாலிசியில் இருந்த "மற்ற கார்களை ஓட்டலாம்" என்ற சலுகை. அதை வழி என்றே சொல்லக் கூடாது. அந்தச் சலுகை எல்லாப் பாலிசியிலும் இல்லை. இருந்தாலும் அது அவசரத்துக்கு வேறொருவர் காரை ஓட்டத்தான், உங்களுக்குச் சொந்தமான இன்னொரு காருக்குச் செல்லாது. அந்தக் காருக்கு வேறு ஒரு பாலிசி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். காரை நான் வாங்கி, லாக்புக் என் பெயருக்கு மாறிய பிறகு அந்த வரி எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. பாலிசி ஆவணத்தின் நான்காம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால், அங்கேயே 300 பவுண்டும் 6 பாயிண்ட்டும். நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, ஓட்டத் தடையும் வரலாம். லைசென்ஸில் ஐஎன்10 என்ற குறி நான்கு வருடம் இருக்கும், இன்சூரன்ஸ் விலையும் ஏறும். இதைவிட முக்கியம்: இங்கே டிரைவிங் டெஸ்ட் பாஸாகி இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் வந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும், எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் மறுபடி பாஸாக வேண்டும். நான் பாஸாகி அப்போது இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிடித்த காரை மீட்கவும் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். சாதாரணத் தற்காலிகப் பாலிசிகள் பெரும்பாலும் பறிமுதலான காருக்குச் செல்லாது, அதற்கென்று தனிப் பாலிசி வேண்டும். நிறுத்தக் கட்டணம் நாளுக்கு 26 பவுண்டு வீதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

6. ஓட்ட வேண்டாம் என்று தோன்றினால்

கராஜையே வந்து எடுத்துப் போகச் சொல்லலாம். டிரேட் பிளேட்டும் (வாகனத் தொழில் செய்பவர்களுக்கான தற்காலிக நம்பர் பிளேட்) தொழில் இன்சூரன்ஸும் வைத்திருக்கும் கராஜ்கள் டாக்ஸ் இல்லாத காரை அவர்கள் பொறுப்பில் ஓட்டிப் போகலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு கட்டணம். தட்டையான டிரக்கில் ஏற்றி அனுப்பினாலும் இன்சூரன்ஸ் கேள்வி வராது, ஏனென்றால் கார் ரோட்டில் உருளவில்லை. ஆனால் நண்பர் காரின் பின்னால் கயிறு கட்டி இழுப்பது வேறு. சக்கரம் ரோட்டில் இருக்கும்வரை அதுவும் ரோட்டில் ஓடும் கார்தான்.

7. அந்த நாளில்

நேராகப் போங்கள், நேராக வாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பால் வாங்க நிற்பது, பங்க்கில் நிற்பது எதுவும் வேண்டாம். "சோதனைக்காக மட்டும்" ஓட்டினால்தான் விலக்கு. இடையில் வேறு வேலை பார்த்தால் அதைக் காட்டியே விலக்கை மறுக்கலாம்.

வழியில் கேமராக்கள் உங்கள் எண்ணைப் படித்து, டாக்ஸ் இல்லை, எம்ஓடி இல்லை என்று காட்டத்தான் செய்யும். நிறுத்தினால் பதற வேண்டாம். புக்கிங் செய்தி, இன்சூரன்ஸ் சான்றிதழ், லைசென்ஸ் மூன்றையும் காட்டுங்கள், கராஜின் போன் எண்ணைக் கொடுங்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (அதிகம் புகைவிடும் பழைய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) எல்லை லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நிர்வாக வட்டாரங்களுக்கும்) விரிந்துவிட்டது. பொதுவாக 2006க்கு முந்திய பெட்ரோல் கார், 2015 செப்டம்பருக்கு முந்திய டீசல் கார் என்றால், எம்ஓடிக்குப் போகும் அந்த ஒரு பயணத்துக்கும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். எம்ஓடிக்குப் போகிறேன் என்பதால் விலக்கு இல்லை. பயணம் செய்த நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. மறந்தால் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 90.

8. தோற்றால்

சோதனை ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2018 மே முதல் குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று பிரிக்கிறார்கள். சிறியது என்றால் பாஸ்தான். "ஆபத்தானது" என்று எழுதிவிட்டால் காரை ஓட்டி வெளியே எடுக்காதீர்கள், அங்கேயே சரி செய்யுங்கள் அல்லது டிரக் வரவழையுங்கள். "பெரியது" மட்டும் என்றால், முன்கூட்டியே நேரம் வாங்கிய பழுது பார்க்கும் இடத்துக்கு ஓட்டிப் போகலாம். இன்சூரன்ஸ் அந்தப் பயணத்துக்கும் வேண்டும், ஒரு நாள் பாலிசி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

அங்கேயே விட்டுச் சரி செய்து, 10 வேலை நாளுக்குள் மறுசோதனை செய்தால் கட்டணம் இல்லை. வேறிடத்தில் சரி செய்து 10 வேலை நாளுக்குள் அதே மையத்துக்குக் கொண்டுவந்தால் அதிகபட்சம் பாதிக் கட்டணம். பல்பு போன்ற சில குறிப்பிட்ட குறைகளுக்கு அடுத்த வேலை நாள் முடிவதற்குள் வந்தால் அதுவும் இல்லை. பத்து நாள் தாண்டினால் மறுபடி முழுச் சோதனை.

9. பாஸானவுடன் டாக்ஸ்

முடிவு கணினியில் உடனே ஏறிவிடும். கராஜ் வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே போனில் டாக்ஸ் கட்டிவிடுங்கள். லாக்புக் இருந்தால் 11 இலக்க எண், இன்னும் வரவில்லை என்றால் விற்றவர் கொடுத்த பச்சைச் சீட்டில் இருக்கும் 12 இலக்க எண் போதும். ஸோர்ன் தானாகவே நீங்கிவிடும்.

டாக்ஸ் எந்த நாளில் கட்டினாலும் அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே கணக்கு. 28ஆம் தேதி எம்ஓடி வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதப் பணம் வீண். அவசரம் இல்லையென்றால் எம்ஓடியை அடுத்த மாத முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். மாதத் தவணையில் கட்டினால் 5 சதவீதம் கூடும்.

தற்காலிக இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், அது முடிவதற்குள் வருடப் பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். ஸோர்ன் போய்விட்டதால், இனி கார் வாசலில் நின்றாலும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும். அப்புறம், கவ் டாட் யூகேயில் எம்ஓடி நினைவூட்டலைப் பதிவு செய்யுங்கள். முடிவதற்கு ஒரு மாதம் முன்பு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். அடுத்த வருடம் காலாவதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக, அதுவரை முன்பே சோதனை செய்துகொண்டாலும் பழைய தேதி மாறாது.